விதைச் சாறு கிருமியைத் தடுத்தால் புண்ணையும் ஆற்றும் என்று சொல்லலாமா?

பதுளை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் உயிரியலில் இறுதியாண்டு படிக்கும் மாணவி; பதுளை மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மருத்துவக் குணம் உள்ளதாகச் சொல்லப்படும் விதைகளின் சாறுகள் நுண்ணங்கிகளைத் தடுப்பதிலும் புண்ணை ஆற்றுவதிலும் எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை என் இறுதியாண்டு ஆய்வாக எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். திட்டவரைவை எழுதத் தொடங்கும் முன் இத்துறையில் வேலை செய்தவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் கவ்வாத்து வெட்டுபவர்களுக்கும் காயம் புதிதன்று. கவ்வாத்துக் கத்தி விரலைப் பதம் பார்த்துவிடும். மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து அதுவே புண்ணாகிவிடும். நாள் முழுவதும் ஈரத்தில் நிற்பதால் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து, ஆறுவதும் மீண்டும் வருவதுமாக இருக்கும். ஆகவே நம் மண்ணில் கிடைக்கும் விதைகளையே எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் பின்புறத்தில் காய்க்கும் பப்பாசியின் விதை, கண்டி, மாத்தளைப் பக்கம் விளையும் சாதிக்காய், விதையிலிருந்து வளர்த்த தேயிலை நிற்கும் பழைய சீட்லிங் மலைகளில் உதிர்ந்து கிடக்கும் தேயிலைக் கொட்டை ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்திருக்கிறேன். தேயிலைக் கொட்டையைப் புண்ணுக்குப் போடும் வழக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அதில் சப்போனின் என்ற, சவர்க்காரம்போல் நுரைக்கும் பொருள் மிகுதியாக உண்டு என்று படித்ததால் சேர்த்துக்கொண்டேன்.

மெதனோலில் ஊறவைத்துச் சாறு எடுத்து, கிருமி பூசிய ஏகார் தட்டில் குழி தோண்டி ஊற்றி, கிருமி வளராத தடுப்பு வலயத்தின் விட்டத்தை அளப்பதுதான் இப்போதைய திட்டம். எங்கள் ஆய்வுகூடத்தில் அடைகாப்பானும் உயரழுத்தக் கிருமிநீக்கியும் உலர்த்தும் அடுப்பும் உண்டு. கல (செல்) வளர்ப்பு வசதி இல்லை. வலயம் நன்றாக வந்தால் அதைக் கொண்டு ‘இச்சாறு புண்ணை ஆற்ற வல்லது’ என்று எழுதலாமா? பல கட்டுரைகளில் அப்படித்தான் காண்கிறேன். ஆனால் அந்தப் பாய்ச்சல் எனக்கு நெருடுகிறது.


கண்டி நுண்ணங்கியியல் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. உங்களுக்கு நெருடுவது சரியான இடத்தில்தான் நெருடுகிறது. கிருமியைத் தடுப்பது ஒரு வினை; தோல் மீண்டும் வளர்வது வேறொரு வினை. முதலாவது இரண்டாவதற்கு உதவலாம், கெடுக்கவும் செய்யலாம். போவிடோன் அயடீனையே எடுத்துக்கொள்ளுங்கள். காயத்தைச் சுற்றியுள்ள கிருமிகளை அது நன்றாகக் கொல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கல வளர்ப்பில், மருந்துக்கடையில் விற்கும் செறிவைவிடப் பன்மடங்கு ஐதாக்கிய பிறகும், புதிய தோலுக்கு அடித்தளம் போடும் பைப்ரோபிளாஸ்ட் கலங்களையும் அது கொன்றுவிடுகிறது. ஒரு சாறு பற்றீரியாவைக் கொல்கிறது என்று தெரிந்தவுடன் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, அதே செறிவில் நம் கலங்களுக்கு என்ன நேர்கிறது என்பதுதான். உங்கள் ஆய்வின் நடுத்தூணாக இதையே வையுங்கள். ஒரே தொகுதிச் சாற்றை, ஒரே அலகில், இரு பக்கமும் சோதித்து, கிருமியைத் தடுக்கும் செறிவையும் கலங்களில் பாதியைக் கொல்லும் செறிவையும் அருகருகே வைத்தால், மூன்று விதைகளில் எது மேற்கொண்டு ஆராயத் தக்கது என்பது தானாகவே தெரிந்துவிடும். இரண்டாவது எண் முதலாவதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால் மட்டுமே புண்ணைப் பற்றிப் பேச நமக்கு இடமுண்டு.

தடுப்பு வலயத்தைப் பற்றி. அது முதற்கட்ட வடிகட்டலுக்கு உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். வலயத்தின் அகலம் சாற்றின் வீரியத்தை மட்டும் காட்டுவதில்லை, அந்தப் பொருள் ஏகாரினூடே எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. சாதிக்காயில் கால் பங்குக்குக் குறையாமல் கொழுப்பு உண்டு. அந்த எண்ணெய்ச் சாறு நீர்த்தன்மையுள்ள ஏகாரில் நகரவே நகராது. குழியின் விளிம்பில் ஒரு மங்கலான வளையம் மட்டும் தெரியும். அதைப் பார்த்துச் சாதிக்காய் பயனற்றது என்று எழுதினால் அது சாதிக்காய்க்கு இழைக்கும் அநீதி. சப்போனின்களும் பெரிய மூலக்கூறுகள். அவையும் மெதுவாகவே பரவும். பப்பாசிச் சாறு மட்டும் அகன்ற வலயம் காட்டும், நீங்களும் அதுவே சிறந்தது என்று முடிவு செய்துவிடுவீர்கள். ஆகவே வெவ்வேறு சாறுகளை வலயத்தின் மில்லிமீற்றரை வைத்து ஒப்பிடாதீர்கள்.

அதற்குப் பதிலாக 96 குழித் தட்டில் இழிவுத் தடுப்புச் செறிவை, அதாவது வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவைக் காணுங்கள். மியூலர் ஹிண்டன் திரவ ஊடகத்தில் சாற்றை இரட்டை ஐதாக்கலாக, படிக்குப் படி பாதியாகக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். பற்றீரியாத் தொங்கலை 0.5 மக்ஃபார்லண்ட் என்ற நியமக் கலங்கலுக்குச் சரிசெய்தால் மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 10 கோடி முதல் 20 கோடி வரை பற்றீரியாக்கள் இருக்கும். அதை ஐதாக்கி, குழியில் மில்லிலீற்றருக்கு 5 இலட்சம் என்ற அளவில் நிறுத்துங்கள். 35 பாகை செல்சியசில் ஏறத்தாழ 16 முதல் 20 மணித்தியாலம் வைத்த பின் ரெசசூரின் சாயம் இட்டால், வளர்ச்சி உள்ள குழிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறும். பற்றீரியா இல்லாமல் சாறும் ஊடகமும் சாயமும் மட்டும் உள்ள ஒரு வரிசையைக் கட்டாயம் வையுங்கள். ஏனெனில் பீனோல் மிகுந்த விதைச் சாறு, உயிர் எதுவும் இல்லாமலே அந்தச் சாயத்தை ஒடுக்கி நிறம் மாற்றிவிடக்கூடும். கரைப்பானாக டி.எம்.எஸ்.ஓ. பயன்படுத்தினால் குழியில் அதன் இறுதி அளவு 1 வீதத்தைத் தாண்டக்கூடாது. கரைப்பான் மட்டும் உள்ள குழியும், ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து உள்ள குழியும் ஒவ்வொரு தட்டிலும் இருக்க வேண்டும். சாறு அமிலத்தன்மையாக இருந்தால் பி.எச். மதிப்பை 7.2 முதல் 7.4 வரை கொண்டுவந்த பிறகே சோதியுங்கள். இல்லாவிட்டால் எலுமிச்சம்புளியும் சிறந்த மருந்தாகத் தோன்றும்.

ஸ்டஃபிலோகொக்கஸ் ஓரியஸ் ஏ.டி.சி.சி. (அமெரிக்க நுண்ணங்கிச் சேமிப்பகம்) 29213, ஈ. கோலி ஏ.டி.சி.சி. 25922, சூடோமோனாஸ் ஏருஜினோசா ஏ.டி.சி.சி. 27853 ஆகிய மூன்றும் இந்த முறைக்குரிய நியமக் கிளைகள். ஈ. கோலியும் சூடோமோனாஸும் வெளிச்சவ்வு உடைய கிராம் எதிர் வகை. தாவரச் சாறுகள் பெரும்பாலும் அவற்றிடம் தோற்றுப்போகும். அந்தத் தோல்வியையும் மறைக்காமல் எழுதுங்கள். மில்லிலீற்றருக்கு 1000 மைக்ரோகிராமுக்கு மேல் போனால்தான் ஒரு சாறு வேலை செய்கிறது என்றால், அதைச் சிறந்த கிருமியெதிரி என்று அழைக்க எனக்கு மனம் வராது. 100 மைக்ரோகிராமுக்குக் கீழே வந்தால் ஆர்வத்தோடு நிமிர்ந்து உட்காருவேன்.

அடுத்ததாகப் பப்பாசி. இதில் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் அதன் வேதியியல் உங்கள் திட்டத்தையே மாற்றக்கூடியது. பழத்திலிருந்து எடுத்த விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறையைத் தேய்த்து நீக்கிவிட்டு ஒன்றைக் கடித்துப் பாருங்கள். கடுகைப் போல் நாக்கில் உறைக்கும். முழு விதையில் அந்த உறைப்பு ஆயத்தமாக இருப்பதில்லை. பென்சைல் குளுக்கோசினோலேட்டு ஓரிடத்திலும் மைரோசினேசு என்ற நொதியம் வேறோரிடத்திலும் தனித்தனியே இருக்கின்றன. விதை நசுங்கி, ஈரம் பட்டு, இரண்டும் கலக்கும்போதுதான் பென்சைல் ஐசோதயோசயனேட்டு உண்டாகிறது. பற்றீரியாவைக் கொல்லும் வேலையில் பெரும்பங்கு இதனுடையது. நீங்கள் தூளை நேராக மெதனோலில் போட்டால் நொதியம் செயலிழந்துவிடும். கொதிநீரில் போட்டாலும் அப்படியே. தூளை அறை வெப்பநிலையில் நீரோடு குழைத்து, மூடிய குழாயில் அரை மணித்தியாலம் அளவில் விட்டு, பிறகு வடித்தால் நொதியம் தன் வேலையைச் செய்து முடித்திருக்கும். ஆனால் அந்தப் பொருள் ஆவியாகும் தன்மையது. சுழல் ஆவியாக்கியில் வைத்து வற்றவிட்டால் குடுவையில் மிஞ்சுவது உறைப்பில்லாத ஒரு பசைதான். அதே காரணத்தால் 96 குழித் தட்டில் அதன் ஆவி பக்கத்துக் குழிக்கும் போய், அங்கே சாறே இல்லாவிட்டாலும் வளர்ச்சியைத் தடுக்கும். தட்டின் மேல் ஒட்டுத்தாள் இட்டு மூடி, இடையிடையே குழிகளை வெறுமையாக விடுங்கள். நீர்ச் சாறு, மெதனோல் சாறு இரண்டையும் எடுத்து ஒப்பிட்டால் உங்கள் கட்டுரையின் மிகச் சுவையான அத்தியாயம் அதுவாகவே அமையும்.

விதைகளை உலர்த்துவதில் மலைநாட்டுக்கென ஓர் இடர் உண்டு. நிழலில் உலர்த்து என்று நூல்கள் சொல்வது வறண்ட ஊர்களுக்குப் பொருந்தும். பண்டாரவளையிலோ நுவரெலியாவிலோ மழைக்காலத்தில் நிழலில் பரப்பிய விதை உலர்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். அஸ்பர்ஜிலஸ் போன்ற பங்கசுகள் தாமே கிருமியெதிர்ப் பொருள்களையும் நச்சுகளையும் சுரப்பவை. அப்போது நீங்கள் அளப்பது விதையின் ஆற்றலா, பூசணத்தின் ஆற்றலா என்று யாராலும் சொல்ல முடியாது. காற்றோட்டமுள்ள அடுப்பில் 40 பாகையில், எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் தெரிந்தவர் இருக்கிறார் என்பதற்காக வாட்டும் தட்டில் பரப்பிவிடாதீர்கள். தேயிலைத் தூசியில் உள்ள பொலிபீனோல்கள் உங்கள் மாதிரியில் கலந்துவிடும்.


ஹட்டன் சித்த மருத்துவர் எழுதியது:

மகளே, உன் முயற்சி நல்ல முயற்சி. மேலே எழுதியிருப்பவர் ஆய்வுகூடத்துப் பக்கத்தை நன்றாக விளக்கிவிட்டார். நான் வைத்தியப் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

சித்த மருத்துவத்தில் உள்மருந்து 32 என்றும் புறமருந்து 32 என்றும் வகுத்திருக்கிறார்கள். புண்ணுக்கு இடுபவை புறமருந்தில் வரும்: பற்று, களிம்பு, தைலம், சீலை, பொடி என்று வடிவங்கள் பல. ஒரு விதை எந்த வடிவத்தில், எந்தத் துணைப்பொருளோடு, புண்ணின் எந்த நிலையில் இடப்படுகிறது என்பது எங்களுக்கு விதையின் பெயரைவிட முக்கியம். சாதிக்காயைக் கல்லில் இழைத்துப் பற்றாகப் போடுவார்கள். மெதனோலில் ஊறவைத்தவர் எவரும் இல்லை. ‘மரபில் பயன்படுவதாகச் சொல்லப்படும்’ என்று முன்னுரையில் எழுதிவிட்டு மரபில் இல்லாத ஒரு வடிவத்தைச் சோதித்தால், முடிவு எப்படி வந்தாலும் அது மரபைப் பற்றிய முடிவாகாது. ஆகவே உன் பட்டியலில் மெதனோல் சாற்றோடு, நீரில் இழைத்த விழுதையும், நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சி எடுத்த தைலத்தையும் சேர்த்துக்கொள். தைலத்துக்கு இணையாக, விதை சேர்க்காமல் அதே அளவு நேரம் காய்ச்சிய வெறும் எண்ணெயையும் வை. தேங்காய் எண்ணெயின் லோரிக் அமிலத்துக்கே கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு.

விதை என்றால் தீங்கற்றது என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. தாவரம் தன் வாரிசைக் காப்பதற்காக நஞ்சைச் சேமித்து வைக்கும் இடமும் விதைதான். குன்றிமணியில் அப்ரின், ஆமணக்கில் ரைசின், ஊமத்தை விதையில் அத்ரோபின் வகை, சேராங்கொட்டையில் தோலைக் கொப்பளிக்கச் செய்யும் எண்ணெய், கார்போக அரிசியில் வெயில் பட்டால் தோலைக் கருகச் செய்யும் சோராலென் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எங்கள் முறையில் இவற்றுக்குச் சுத்தி செய்யும் படிகள் இருப்பது சடங்குக்காக அன்று. நீ எடுத்துள்ள மூன்றும் அந்த அளவுக்குக் கொடியவை அல்ல என்றாலும், சாறு எடுக்கும்போது கையுறை, மூக்குக் கவசம் இல்லாமல் வேலை செய்யாதே. பப்பாசி விதையின் ஆவி கண்ணை எரிக்கும்.

மேலும் ஒன்று. லயத்துப் பெரியவர்களிடமும் பாட்டிமாரிடமும் கேட்டறிந்த செய்தியை ஆய்வில் சேர்ப்பதானால், எதற்காகக் கேட்கிறாய் என்பதை முதலிலேயே சொல்லி, அவர்களின் இசைவைப் பெற்று, கட்டுரையில் அவர்கள் விரும்பும் வண்ணம் நன்றியைப் பதிவு செய். நம் மக்களின் உழைப்பைப் பிறர் தம் கணக்கில் எழுதிக்கொண்ட வரலாறு மலையகத்துக்கு நீண்டது. அவர்களுடைய அறிவுக்கும் அந்த நிலை வரவேண்டாம்.


தோட்ட மருந்தகம் எழுதியது:

நான் பல ஆண்டுகளாகத் தோட்ட மருந்தகத்தில் வேலை செய்பவன். ஆய்வு முறைகளைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. மருந்தகத்து வாசலில் வந்து நிற்கும் புண்களைப் பற்றிச் சொல்ல முடியும்.

அட்டைக் கடியில் குருதி நிற்காமல் வடிவதற்கு அதன் உமிழ்நீரிலுள்ள உறையாத்தன்மை தரும் பொருளே காரணம்; அதைக் கண்டு பயந்து புகையிலையும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வருவார்கள். கடியால் வரும் தொல்லையைவிட, அரிப்பால் அழுக்கு நகம் பட்டு வரும் சீழ்தான் பெரிது. அதில் ஸ்டஃபிலோகொக்கஸோடு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் பயோஜினஸும் இருக்கும். பிள்ளையின் பட்டியலில் அந்தக் கிருமி இல்லை. சேற்றுப்புண்ணோ பெரும்பாலும் பங்கசால் வருவது. பற்றீரியாவை மட்டும் சோதித்துவிட்டுச் சேற்றுப்புண்ணைப் பற்றி முன்னுரையில் எழுதுவது பொருந்தாது. ட்ரைக்கோபைட்டன் என்ற பங்கசு வகையைச் சேர்த்தால் எங்கள் தொழிலாளர்களுக்கு நேரே பயன்படும் ஆய்வாக அது இருக்கும்.

ஒரு வேண்டுகோள். ஆய்வு நடக்கும் காலத்தில் அந்தச் சாற்றை உறவினர் எவரும் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கத்திக் காயத்துக்கு முதலில் செய்ய வேண்டியது, ஓடும் சுத்தமான நீரில் சவர்க்காரம் இட்டுக் கழுவுவதும் ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும்தான். ஆழமான காயத்தின் மேல் விதைத் தூளைத் திணித்துக் கட்டிவிட்டு, நாட்கள் கழித்து வருபவர்களைப் பார்க்கும் வேதனை எனக்குத் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவர்களின் காலில் அது விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும்.


பதுளை மாணவி எழுதியது:

மூவருக்கும் மிகுந்த நன்றி. நீர்ச் சாறும் தைலமும் சேர்க்கிறேன். ட்ரைக்கோபைட்டனும் ஸ்ட்ரெப்டோகொக்கஸும் கிடைக்குமா என்று விசாரிக்கிறேன்.

புண் ஆறுதல் என்ற பகுதியில்தான் இன்னும் தெளிவு வேண்டும். வேறொரு நிறுவனத்தின் கல வளர்ப்புக் கூடத்தைச் சில நாட்கள் பயன்படுத்த இசைவு கிடைக்கலாம் என்று என் மேற்பார்வையாளர் கூறுகிறார். அங்கே, வளர்ந்த கலங்களின் நடுவே கீறி அது மூடுவதைப் பார்க்கும் கீறல் சோதனை செய்வது போதுமா? எலிகளில் செய்யாத ஆய்வை எந்த ஆய்விதழும் ஏற்காது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எலிகளை வாங்கி நாமே செய்துவிடலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இறுதியாண்டு மாணவி அந்த அளவுக்குப் போக வேண்டுமா?


பேராதனை மருந்தியல் எழுதியது:

வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன்: வேண்டாம். விலங்குகளில் காயம் உண்டாக்கும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் எழுத்து மூல ஒப்புதல் ஆய்வு தொடங்கும் முன்னரே இருக்க வேண்டும். மயக்க மருந்தும் வலிநிவாரணமும் தனிக் கூண்டும் கால்நடை மருத்துவரின் கண்காணிப்பும் வேண்டும். இவை இல்லாமல் வாங்கி வந்த எலியின் முதுகில் தோலை வெட்டுவது கொடுமை. அந்தத் தரவை எந்த நல்ல ஆய்விதழும் தொடாது. அதோடு, கலங்களிலேயே நஞ்சாகும் சாறு எது என்று தெரியாத கட்டத்தில் எலிக்குப் போவது அறிவியல் முறைப்படியும் தவறு.

எலியின் முடிவைப் படிக்கும்போதும் எச்சரிக்கை தேவை. எலியின் தோலுக்குக் கீழே மெல்லிய தசைப்படலம் ஒன்று உண்டு. வெட்டிய காயத்தை அது இழுத்துச் சுருக்கிவிடுவதால் எலியின் புண் பெரும்பாலும் சுருங்கி மூடுகிறது. நம் தோலில் புதிய இழையம் நிரம்பி, மேல்தோல் கலங்கள் விளிம்பிலிருந்து ஊர்ந்து வந்து மூடும் பங்கு கூடுதல். ‘காயத்தின் பரப்பு இத்தனை வீதம் சுருங்கியது’ என்று கட்டுரைகளில் வரும் வரைபடம் அந்தத் தசையின் வேலையையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. இதனால்தான் காயத்தின் ஓரத்தில் வளையம் தைத்துச் சுருங்கவிடாமல் நிறுத்தும் முறையும், இழைய வெட்டுமுகப் பரிசோதனையும், கொலாஜின் அளவைக் காட்டும் ஹைட்ரொக்சிபுரோலின் மதிப்பீடும் கேட்கப்படுகின்றன.

சாற்றைக் களிம்பில் கலந்து சோதித்த ஆய்வுகளைப் படிக்கும்போது, சாறு சேர்க்காத வெறும் களிம்பிட்ட தொகுதி இருக்கிறதா என்று பாருங்கள். 1962இல் ஜோர்ஜ் வின்டர் இளம் பன்றிகளில் செய்த ஆய்வு, மூடி ஈரமாக வைத்த காயத்தில் மேல்தோல், காற்றில் உலரவிட்ட காயத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரைவாக வளர்வதைக் காட்டியது. அதன் பொருள் என்ன? வெறும் வாசலின் தடவினாலேயே புண் விரைந்து ஆறும். ஒன்றும் தடவாத எலியோடு ஒப்பிட்டுவிட்டு விதைச் சாற்றுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும் கட்டுரைகளைக் கண்டு மயங்க வேண்டாம்.

பப்பாசி விதையின் எதனோல் சாறு எலிகளின் காயத்தை விரைவாக ஆற்றியதாக 2012இல் ட்ரினிடாட் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மேலே கண்டி நண்பர் சொன்ன வேதியியலோடு அதை வைத்து எண்ணிப்பாருங்கள்: எதனோல் சாற்றில் உறைப்புப் பொருள் குறைவாக இருந்திருக்கும் என்றால், ஆற்றிய பொருள் வேறாகவும் கிருமியைக் கொல்லும் பொருள் வேறாகவும் இருக்கலாம். காம்பியாவில் குழந்தைகளின் தீப்புண்ணுக்குப் பப்பாசிப் பழத்தை மசித்து இட்ட அனுபவம் 1999இல் வெளிவந்தது; ஆனால் அது பழக்கூழ், விதையன்று. இரண்டையும் ஒரே வரியில் மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

இனிக் கீறல் சோதனைக்கு வருகிறேன். எல் 929 என்ற எலியின் பைப்ரோபிளாஸ்ட் கலவரிசையையோ ஹகாட் என்ற மனித மேல்தோல் கலவரிசையையோ தட்டு நிறையும் வரை வளர்த்து, 200 மைக்ரோலீற்றர் குழாய் முனையால் நேர்கோடாகக் கீறி, உதிர்ந்த கலங்களைக் கழுவி நீக்கி, சாறு சேர்த்த ஊடகத்தை இட்டு, தொடக்கத்திலும் 12, 24 மணித்தியாலங்களிலும் அதே இடத்தைப் படம் எடுக்க வேண்டும். கீறலின் அகலத்தை ஓரிடத்தில் அளப்பதைவிட, இமேஜ் ஜே மென்பொருளால் வெற்றிடத்தின் பரப்பை அளப்பது நம்பகமானது. அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. இடைவெளி மூடுவதற்குக் கலங்கள் நகர்ந்ததும் காரணமாகலாம், பெருகியதும் காரணமாகலாம். கலப்பெருக்கத்தைத் தூண்டும் சீரத்தை ஊடகத்தில் 1 வீதத்துக்குக் குறைப்பதாலோ, மைட்டோமைசின் சி கொண்டு கலப்பிரிவை நிறுத்துவதாலோ நகர்வைத் தனியே காணலாம். மைட்டோமைசின் நச்சுப்பொருள், பழக்கமுள்ளவர் அருகில் இல்லாமல் தொடாதீர்கள்.

இதற்கு முன்பே கல நச்சுச் சோதனை முடிந்திருக்க வேண்டும். உயிருள்ள கலங்கள் எம்.டி.டி. என்ற சாயத்தை ஊதாவாக்குவதை அளக்கும் எம்.டி.டி. சோதனையைப் பலரும் செய்கிறார்கள். அதிலும் ஒரு பொறி உண்டு: பீனோல்கள் மிகுந்த சாறு, கலம் எதுவும் இல்லாமலே எம்.டி.டி.யை ஒடுக்கி ஊதா நிறம் தரும். இறந்த கலங்கள் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். சாயம் இடும் முன் சாற்றைக் கழுவி நீக்குங்கள். கலமில்லாத குழியிலும் சாற்றை இட்டுப் பாருங்கள். நுண்ணோக்கியில் கலங்களின் வடிவத்தையும் கண்ணால் காணுங்கள்.

கீறல் மூடியது என்று வந்தாலும் ‘புண்ணை ஆற்றும்’ என்று எழுத முடியாது. புண் ஆறுவது குருதி உறைதல், அழற்சி, புதிய இழையம் பெருகுதல், வடு முதிர்தல் என்று நான்கு கட்டமாக நடக்கும் வேலை. கீறல் சோதனை மூன்றாம் கட்டத்தின் ஒரு மூலையை மட்டும் காட்டுகிறது. அங்கே குருதிக் குழாய் இல்லை, வெண்கலங்கள் இல்லை, கிருமியும் இல்லை. ‘இந்தச் செறிவில் கலங்களுக்குத் தீங்கு செய்யாமல் அவற்றின் நகர்வைத் தூண்டுகிறது’ என்று எழுதுங்கள். இறுதியாண்டு ஆய்வுக்கு அது கௌரவமான முடிவு.


பதுளை மாணவி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. கல வளர்ப்புக் கூடத்தில் எனக்குக் கிடைக்கும் நாட்கள் குறைவாக இருக்கும் என்பதால் எல்லாச் சாறுகளையும் அங்கே கொண்டுபோக இயலாது. பப்பாசியில் இரண்டு, சாதிக்காயில் மூன்று, தேயிலைக் கொட்டையில் ஒன்று என்று பார்த்தாலே அதிகமாகிறது. எங்கள் ஆய்வுகூடத்திலேயே சிலவற்றைக் கழிக்க வழி உண்டா? சாறுகளை எப்படிச் சேமிப்பது என்பதையும் யாராவது கூறினால் உதவியாக இருக்கும்.


கண்டி நுண்ணங்கியியல் எழுதியது:

உண்டு. செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் சாறு எது என்று முதலில் பாருங்கள். கல வளர்ப்பு வசதி இல்லாமலே செய்யக்கூடிய சோதனை அது. கால்நடை மருத்துவரிடமிருந்து முறையாகப் பெற்ற ஆட்டுக் குருதியின் செங்கலங்களைப் பொஸ்பேற்றுத் தாங்கல் உப்புக்கரைசலில் கழுவி, 2 வீதத் தொங்கலாக்கி, சாற்றின் பல செறிவுகளோடு 37 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து, மையநீக்கியில் சுழற்றி, மேல்நீரை 540 நானோமீற்றரில் அளவிடுங்கள். தாங்கல் கரைசல் மட்டும் உள்ள குழாய் பூச்சியம். எல்லாச் செங்கலங்களையும் உடைக்கும் 1 வீத ட்ரைட்டன் எக்ஸ் 100 இட்ட குழாய் நூறு. தேயிலைக் கொட்டைச் சாறு தேறாமல் இங்கேயே நின்றுவிடும் என்பது என் கணிப்பு. தேயிலைக் கொட்டைப் பிண்ணாக்கை இறால் குளங்களில் வேண்டாத மீன்களைக் கொல்லப் பயன்படுத்துவதற்கு அதன் சப்போனின்தான் காரணம். அதே பொருள் செங்கலத்தின் சவ்வையும் உடைக்கும். பங்கசைத் தடுக்கும் செறிவு, செங்கலத்தைச் சிதைக்கும் செறிவைவிட மிகக் குறைவாக இருந்தால் மட்டும் அதைச் சேற்றுப்புண்ணுக்காக மேலே கொண்டுபோங்கள். தோல் கிழிந்த காயத்துக்கு அதை நினைக்க வேண்டாம். பிறகு, தேறிய சாறுகளின் இழிவுத் தடுப்புச் செறிவை ஊடகத்தில் சிறிது சீரப்புரதம் சேர்த்து மீண்டும் காணுங்கள். புண்ணிலிருந்து வடியும் நீரில் புரதம் நிறைந்திருப்பதால், வெறும் ஊடகத்தில் வீரியமாகத் தெரிந்த தனின் என்ற துவர்ப்புப் பொருள்கள் பல அங்கே புரதத்தோடு பிணைந்து செயலற்றுப் போகும். இந்த இரண்டு வடிகட்டல்களையும் தாண்டுபவை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அவற்றை மட்டும் கல வளர்ப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.

சேமிப்பைப் பொறுத்தவரை, உலர்ந்த மெதனோல் சாறுகளைச் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து, ஒளிபடாமல், மறை 20 பாகை செல்சியசில் (–20 °C) வைத்து, ஒரு முறை உருக்கியதை மீண்டும் உறைய வைக்காமல் பயன்படுத்துங்கள். பப்பாசியின் நீர்ச் சாற்றைச் சேமிக்கவே கூடாது. சோதிக்கும் அன்று காலையில் நசுக்கி, 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியால் கிருமி நீக்கி, அன்றே முடித்துவிட வேண்டும். அடுத்த முறை செய்யும்போது வேறு மரத்தின் பழத்திலிருந்து எடுங்கள், ஏனெனில் ஒரே சாற்றை மூன்று குழியில் ஊற்றுவது மூன்று மீள்சோதனை ஆகாது. விதை எடுத்த ஒவ்வொரு மரத்திலிருந்தும் இலை, பூ, காயோடு கூடிய ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, பேராதனை தேசிய உலர்தாவரகத்தில் இனத்தை உறுதிசெய்து, அவர்கள் தரும் மாதிரி எண்ணைக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் முதல் வரியாக எழுதுங்கள். சாதிக்காய் மரத்தில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி என்பதால், காய்க்கும் மரத்தின் கிளையையே கேட்டு வாங்குங்கள்.